கொழும்பு கோமளாவின் வசனம்

கிளேட்டன்
3 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நாகு எழுதுவது. இங்கு நான் சுகம். உங்கள் சுகத்தையும் உங்கள் மகன் பிரதீஸ் வீட்டாரின் சுகத்தையும் அறிய விருப்பம்.

போன கிழமை மெல்பேர்னில் இரண்டு நாள் நல்ல மழை. கறிவேப்பிலை மரம் திரும்பத் தளிர்த்திருக்கிறது. உங்களுக்குப் புதுக் காது மெசின் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். போனில் ஏதாவது கேட்கிறதா? கேட்காவிட்டாலும் பரவாயில்லை. எங்களுக்கு எப்போதும் கடிதம்தானே.

முன்னறையில் வாடகைக்கு இருக்கும் தாரிணியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை. யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள். ஐம்பது, அறுபதுகளில் வந்த கல்லூரிக் காதல் நகைச்சுவைப் படங்களில் வெளியூர்ப் பிள்ளைகளை எப்படிக் காட்டினார்கள் என்பது தலைப்பாம். ‘மணியடிச்சாச்சு’ என்றொரு படத்தின் பிரதி பினாங்கில் ஒருவரிடம் கிடைத்திருக்கிறது. 1961இல் வந்தது. நீங்கள் மெட்ராஸில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த காலம். மே 24, சனி பிற்பகல், யூனிவர்சிட்டியில் போட்டுக் காட்டப்போகிறார்கள். என்னையும் வரச் சொல்லுகிறாள். குளிர் அதிகம் இல்லாவிட்டால் போவேன். நீங்களும் வந்தால் நல்லது.

எல்லோருக்கும் என் விசாரிப்பு.
அன்புத் தங்கை
நாகபூசணி


செவன் ஹில்ஸ்
12 மார்ச் 2025

அன்புள்ள நாகுவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். பிரஷர் மட்டும் ஏறி இறங்குகிறது. காது மெசின் பிரதீஸின் குரலைத் தவிர எல்லாச் சத்தத்தையும் கேட்கிறது.

மெல்பேர்ன் பயணம் சரிவராது. முழங்கால் ஒத்துழைக்காது. மே மாதம் கண் டொக்டரிடம் போக வேண்டும். பிரதீஸுக்கு லீவும் இல்லை. நீயும் அந்தக் குளிரில் போய் உட்கார வேண்டாம். அந்தக் காலத்துக் கல்லூரிப் படங்களில் என்ன இருக்கிறது? ஒருவன் சைக்கிளில் வருவான், ஒருத்தி புத்தகத்தைக் கீழே போடுவாள், பிறகு பாட்டு. ஒலியும் சரியாக இருக்காது. உனக்குத் தலையிடிதான் மிஞ்சும். அந்தப் பிள்ளையிடம் ஏதாவது சாட்டுச் சொல்லிவிடு.

நீ அந்தப் படத்தை அப்போது பார்த்தாயா? சும்மா கேட்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அண்ணா
சச்சிதானந்தன்


கிளேட்டன்
24 மார்ச் 2025

மதிப்பிற்குரிய அங்கிளுக்கு,

வணக்கம். நான் தாரிணி, நாகபூசணி ஆன்ட்டி வீட்டில் குடியிருப்பவள். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்குப் போனும் மெயிலும் ஆகாது என்று ஆன்ட்டி சொன்னதால், வாழ்க்கையில் முதல் முறையாக ஸ்டாம்ப் ஒட்டுகிறேன்.

‘மணியடிச்சாச்சு’ படத்தில் வகுப்பு முழுக்க ஆளுக்கொரு ஊர். எண்ணெய் வடியும் கிராமத்துப் பையன், கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியப் பெண், பிறகு ‘கொழும்பு கோமளா’. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குக் கொழும்பு என்று பட்டம், சிவந்த நடிகைக்கு முகமெல்லாம் கறுப்பு மை. மூன்று பேரையும் பார்த்துச் சிரிக்க வேண்டும். கதாநாயகனுக்கும் நாயகிக்கும் மட்டும் ஊரே கிடையாது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் கோமளா பேசுவது அச்சு அசல் யாழ்ப்பாணத் தமிழ் என்கிறார்கள். அந்தக் காலப் படங்களில் இது அபூர்வம். டைட்டிலில் ‘இலங்கைத் தமிழ் வசனம்: சச்சி’ என்று வருகிறது. அது யார் என்று ஆன்ட்டியிடம் கேட்டேன். “எனக்கு அதெல்லாம் மறந்து போச்சும்மா, எங்க அண்ணாவைக் கேளு” என்றார். ஆன்ட்டி எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரியேதான் பேசுவார். இந்த இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ‘ஆமா’வுக்குப் பதில் ஒரு ‘ஓம்’ கூட நான் கேட்டதில்லை.

அந்தச் சச்சி நீங்கள்தானா அங்கிள்?

அன்புடன்
தாரிணி


செவன் ஹில்ஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள தாரிணிக்கு,

நலம். உன் படிப்பு நல்லபடி நடக்க வாழ்த்துகிறேன்.

அந்தச் சச்சி அடியேன்தான். வரதராஜன் என்று ஒரு நண்பன் அப்போது கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராக இருந்தான். இலங்கைப் பெண் பாத்திரத்துக்கு வசனம் வேண்டுமென்றான். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பேசுவதைக் கூர்ந்து கவனித்து நானே எழுதிக் கொடுத்தேன். நடிகைக்கு உச்சரிப்பும் சொல்லிக் கொடுத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் அதைக் கவனித்துக் கேட்பது மனதுக்குச் சந்தோசம்.

இந்த விசயத்தில் என் தங்கையைக் கரைச்சல்படுத்த வேண்டாம். அவளுக்குச் சினிமாவில் நாட்டமில்லை. வயதும் எண்பத்திரண்டு.

ஆசிகளுடன்
ச. சச்சிதானந்தன்


கிளேட்டன்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா? இங்கே காலையில் குளிர் தொடங்கிவிட்டது. இன்றைக்குப் புதுவருடம். கொஞ்சம் பொங்கினேன்.

உங்கள் கடிதத்தைத் தாரிணி எனக்கு வாசித்துக் காட்டினாள். “ஆன்ட்டி, உங்க அண்ணா பெரிய ரைட்டரா இருந்திருக்காரு, நீங்க சொல்லவே இல்லையே” என்று ஒரே துள்ளல். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. எங்கள் வீட்டில் இப்படி ஒரு கெட்டிக்காரர் இருந்திருக்கிறார்.

போஸ்டர் அடித்தாகிவிட்டது. ‘சிறப்பு விருந்தினர்: வசனகர்த்தா சச்சி’ என்று உங்கள் பெயர் பெரிதாக இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். கட்டுரைகளையெல்லாம் சேர்த்துப் புத்தகமும் போடுவார்களாம். அதிலும் உங்கள் பெயர் வரும்.

கோமளா தனியே கண்ணாடிக்கு முன்னால் நின்று, மற்றப் பிள்ளைகள் சிரிக்காமல் இருப்பதற்காக, ‘ஆமா, வந்தேன்’ என்று பேசிப் பழகும் காட்சிதான் படத்திலேயே சிறந்தது என்று தாரிணி சொல்லுகிறாள். நல்ல கற்பனை. ஒரு பெண் அப்படிச் செய்வாள் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?

சாப்பாட்டில் உப்பைக் குறையுங்கள்.
தங்கை
நாகபூசணி


செவன் ஹில்ஸ்
23 ஏப்ரல் 2025

தாரிணிக்கு,

இந்தக் கடிதத்தை உன் ஆன்ட்டிக்குக் காட்டாதே. உன்னை நம்பி எழுதுகிறேன்.

உனக்கு நான் எழுதியது பொய். அந்த வசனத்தில் ஒரு வரிகூட என்னுடையதில்லை. நாகு அப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். கிழமைக்கு ஒரு கடிதம் எனக்கு எழுதுவாள், பேசுவது போலவே, எங்கள் ஊர்ப் பேச்சில். வரதராஜனுக்காக நான் எழுதிப் பார்த்தது பாடப்புத்தகம் போல் இருந்தது. அவளுடைய கடிதமொன்றை வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். “இதுதாண்டா வேணும், இருக்குறதையெல்லாம் குடு” என்றான். ஏழு கடிதங்களைக் கொடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியது அவள்தான். அதை என் ஒருவனுக்குத்தான் எழுதியிருந்தாள்.

அவள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். பார்த்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எனக்கு இருக்கும் ஒரே உடன்பிறப்பு அவள். இந்த வயதில் அவளை இழக்க எனக்குத் தெம்பில்லை. அந்தக் காட்சியை மட்டும் வெட்டிவிட்டுப் போட முடியாதா? போஸ்டரில் இருந்து என் பெயரையும் எடுத்துவிடு.

சச்சிதானந்தன்


கிளேட்டன்
1 மே 2025

மதிப்பிற்குரிய அங்கிளுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கடிதம் படித்ததிலிருந்து எனக்குத்தான் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

காட்சியை வெட்ட முடியாது. என் கட்டுரையே அந்த நான்கு நிமிஷத்தைப் பற்றியதுதான். அந்த மாதிரிப் படங்களில் வெளியூர்ப் பெண் என்றால் கேலி, இல்லாவிட்டால் பேச்சில்லாத வெறும் சைகை. அவள் தனியாக இருக்கும்போது என்ன செய்வாள் என்று ஒருவரும் காட்டியதில்லை. இதில் காட்டியிருக்கிறார்கள், அதையும் சிரிப்பதற்காக. அது நிஜமான ஒரு பெண்ணின் கடிதம் என்று தெரிந்த பிறகு என்னால் அந்தக் காட்சியைப் பார்க்கவே முடியவில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறது அங்கிள். பெரியவரிடம் இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும்.

நான் ஆன்ட்டியிடம் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது நீங்கள். ஆனால் அவர் என்னை நேராகக் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். தினமும் அவர் கையால் சாப்பிடுகிறேன். அன்றைக்குக் கட்டிக்கொள்ள ஊதாப் புடவையை இப்போதே அயர்ன் செய்து வைத்துவிட்டார்.

இருபத்து நான்காம் தேதிக்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

தாரிணி


செவன் ஹில்ஸ்
12 மே 2025

அன்புள்ள நாகுவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுத இன்று மனமில்லை.

திருச்சியில் இருந்து நீ எனக்கு எழுதியவற்றில் ஏழு கடிதங்களை நான் வரதராஜனுக்குக் கொடுத்தேன். உன்னைக் கேட்கவில்லை. கோமளா பேசுவதெல்லாம் நீ எழுதியவை. கண்ணாடியும் உன்னுடையது. அப்போது அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. என் பெயர் திரையில் வரும் என்றான். அது ஒன்றுதான் தெரிந்தது. முதல் நாள் முதல் காட்சிக்கு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடிக் காட்சியில் தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன் நாகு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாலு மாதத்தில் நீ படிப்பை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினாய். குடல்புண் என்று வீட்டிலிருந்து எங்கள் ஐயா எழுதினார். அடுத்த வருடம் உனக்குக் கல்யாணம். நான் படிப்பை முடித்து எஞ்சினியரானேன். அது குடல்புண்தானா என்று உன்னிடம் கேட்க எனக்கு ஒருநாளும் துணிவு வரவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயம்.

கடிதங்களைத் திருப்பி வாங்கப் போனேன். தொலைந்துவிட்டன என்றான்.

அந்தக் கூட்டத்துக்குப் போகாதே. போவதென்றால் இதைத் தெரிந்துகொண்டு போ.

உன் அண்ணா


கிளேட்டன்
27 மே 2025

அங்கிள்,

வணக்கம். ஆன்ட்டி உடம்பளவில் நன்றாக இருக்கிறார். நீங்கள் கேட்பீர்கள் என்பதால் அதை முதலில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் நேற்று, திங்கட்கிழமைதான் வந்தது. உள்ளே மே 12 என்று இருக்கிறதாம், உறையில் 21ஆம் தேதி முத்திரை. ஒன்பது நாள் எங்கே வைத்திருந்தீர்கள்?

சனிக்கிழமை எண்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கண்ணாடிக் காட்சி வந்ததும் பின்வரிசையில் கொஞ்சம் சிரிப்பு கேட்டது, பிறகு அடங்கிவிட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, ஆன்ட்டியைத்தான் பார்த்தேன். ஹேண்ட்பேக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். படம் முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, “அந்த டயலாக் உண்மையிலேயே யார் எழுதினது? ஒரு ஆம்பள எழுதின மாதிரி இல்லையே” என்று கேட்டான். நான் கையிலிருந்த குறிப்புத் தாளைப் புரட்டினேன்.

அப்போது ஆன்ட்டி எழுந்து நின்றார். “அது என்ரை அண்ணை எழுதினது. அவர் சின்னனிலையிருந்தே கெட்டிக்காரன். இண்டைக்கு வரேலாமப் போச்சுது” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தன் ஊர்ப் பேச்சுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் பால் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நேற்று உங்கள் கடிதத்தைப் படித்தார். படித்துவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார். போஸ்டர் பிரிட்ஜில் இல்லை.

தாரிணி


செவன் ஹில்ஸ்
18 ஜூன் 2025

நாகு,

மூன்று கிழமையாகிவிட்டது. தபால்காரன் வரும் நாளெல்லாம் வாசலிலேயே நிற்கிறேன். பிரதீஸ் என்ன விசயம் என்று கேட்கிறான். மருந்துப் பார்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை எழுதி ஒன்பது நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஸ்டேஷன் அருகில் இருக்கும் தபால் பெட்டிவரை மூன்று தரம் போய்த் திரும்பினேன். அதுவும் என் பிழை.

திட்டியாவது எழுது. இல்லாவிட்டால் சுகம் என்று ஒரு வரி போடு.

அண்ணா


கிளேட்டன்
30 ஜூன் 2025

அண்ணா,

சுகம் என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அறுபத்து நாலு வருடமாக அதைத்தானே எழுதி வருகிறேன்.

அந்தப் படத்தை நான் பார்த்தேன். 1961இல், திருச்சியில், விடுதிப் பிள்ளைகள் பதினொரு பேரோடு. “உங்க ஊர்ப் பொண்ணு வர்றாளாம், வா” என்று என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். கண்ணாடியைப் பற்றி உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். அந்த இருட்டுக்குள் இருந்தபடியே விளங்கிவிட்டது. அடுத்த நாளிலிருந்து நான் விடுதிக்குக் கோமளா. பேராசிரியை ஒருத்திகூட அப்படிக் கூப்பிட்டாள். குடல்புண் எதுவும் இல்லை.

நீங்கள் சொல்லுவீர்கள் என்று இருந்தேன். என் கல்யாணத்தில் பார்த்தேன். அம்மாவின் செத்தவீட்டில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மோசம்போய் நான் தனித்தபோது வந்து ஒரு மாதம் இங்கே இருந்தீர்கள், அப்போதும் பார்த்தேன். தாரிணியை உங்களிடம் கேட்கச் சொன்னதும் நான்தான். யாரோ ஒரு பிள்ளைக்காவது உண்மையை எழுதுவீர்கள் என்று நினைத்தேன். ‘நானே எழுதினேன்’ என்று எழுதினீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் படம் பார்த்த அன்றுகூட வரவில்லை.

கூட்டத்தில் உங்களைக் காப்பாற்றுவதற்காகப் பேசினேன் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிக்கு முன்னால் நின்றது நான்தான் என்று சொல்ல எழுந்தேன். எண்பது பேரைப் பார்த்ததும் வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயதிலும் அந்த வெட்கம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்காகத்தான் உங்களோடு கோபம்.

நான் எழுதிய கடிதங்களை வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். மழை, சுகம், கறிவேப்பிலை, முழங்காலுக்கு எண்ணெய். பிள்ளை பெற்றேன் என்று எழுதினேன், பயந்தேன் என்று எழுதவில்லை. ஒருவராலும் எடுத்துப் படத்தில் போட முடியாத கடிதங்களாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு வித்தியாசமும் உங்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

புத்தகத்தில் உங்கள் பெயர் வரப்போகிறது. அதை என்ன செய்வதென்பது உங்கள் பாடு.

நாகபூசணி


கிளேட்டன்
21 ஜூலை 2025

அண்ணா,

புத்தகத்துக்காகத் தாரிணிக்கு நீங்கள் எழுதியதை அவள் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வசனங்கள் உங்களுடையவை அல்ல, கேட்காமல் எடுத்தவை, உங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும், யாருடையவை என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வரி. இதற்கா இத்தனை வருடம்?

என் பெயரைப் போடலாமா என்று தாரிணி கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன். கோபம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

ஒரு விசயம் எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் தாரிணி குடிவருவதற்கு முதல் நாள், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். வாம்மா, ஆமா, சாப்பிட்டியா. எண்பது வயதில், என் சொந்த வீட்டில். அவள் அப்படிப் பேசச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து என் குசினியில் சமைக்கும்போதுகூட இந்தியாக்காரி மாதிரித்தான் பேசிவந்தேன். கூட்டத்துக்குப் பிறகும் வீட்டுக்குள் அது மாறவில்லை.

இன்று காலை அவள் குசினி வாசலில் நின்று, “டீ போடட்டுமா ஆன்ட்டி?” என்றாள்.

“ஓம், போடு பிள்ளை” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள்.

இதை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன். வாசித்துவிட்டு வைத்திருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

நாகு